ஜிசி ஓவன் ஆறும்வரை காத்திருக்க முடியவில்லை: குளிர்காற்று ஊதினால் மாதிரி எண்ணிக்கை கூடுமா?

கொட்டகலைக்காரி
வணக்கம். தேயிலையில் பீடைநாசினி எச்சம் பார்க்கிற ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், கையில் இருப்பது ஒரே ஒரு ஜிசி-எம்எஸ் (மாதிரியை ஆவியாக்கி, ஓவனுக்குள் இருக்கிற நிரல் என்ற மெல்லிய குழாயில் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் காண்கிற கருவி). ஏற்றுமதிக்காரர்கள் எல்லோருக்கும் ரிப்போட் நாளைக்கே வேண்டும். எங்கள் ஓட்டம் 40 பாகையில் தொடங்கி 300 வரை போகும், அதற்கு 22 நிமிடம். பிறகு ஓவன் திரும்ப 40க்கு இறங்க 7 நிமிடம், நிலைப்பட இன்னொரு 2 நிமிடம், ஆக மொத்தம் 31. பின்னேரம் 5 மணிக்குப் போட்டுவிட்டுப் போனால் காலை 7 மணிக்குள் 27 ஊசி (கருவிக்குள் ஒருமுறை செலுத்துவது) தான் ஏறும், அதில் வெற்று (மாதிரி இல்லாதது), தரநியமம் (அளவு தெரிந்தது) எல்லாம் கழித்தால் உண்மையான மாதிரி இன்னும் குறைவு.

வோர்டெக்ஸ் டியூப் என்று ஒன்று இருக்கிறதாம், அழுத்தக் காற்றைக் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்காற்று வருமாம், அதை ஓவனுக்குள் ஊதினால் சீக்கிரம் ஆறிவிடும் என்று ஒரு விற்பனைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். மனேஜர் வாங்கலாம் என்கிறார். இங்கே யாராவது பாவித்திருக்கிறீர்களா? இந்தக் குளிரிலேயே ஓவன் தானாக ஆறாதா என்றும் அவரே கேட்கிறார், அதற்கும் பதில் வேண்டும்.

பெக்டரி_தம்பி
அக்கா, ஜன்னலைத் திறந்து வையுங்கள், போதும். விடியக்காலையில் இங்கே மனிதனே உறைந்து போகிறான், ஓவன் ஆறாதா?

பனிமூட்டம்
தம்பி, ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டமும் உள்ளே வரும், எலக்ட்ரோனிக் போர்ட்டில் ஈரம் படியும். அந்த யோசனையை விட்டுவிடுவோம்.

தங்கச்சி, நான் ஜிசி சேர்விஸ் செய்து திரிகிற ஆள், மலைநாட்டில் பல லாப்களைப் பார்த்திருக்கிறேன். வோர்டெக்ஸ் டியூப் ஏமாற்று இல்லை, உண்மையாகவே வேலை செய்கிற சாமான் தான். ரான்க் என்ற பிரெஞ்சுக்காரர் 1930களில் கண்டுபிடித்தது, ஹில்ஷ் என்ற ஜெர்மன்காரர் 1947 இல் அதைப் பற்றி விரிவாக எழுதிய பிறகு தான் உலகத்துக்குத் தெரிந்தது. உள்ளே அசைகிற பாகம் ஒன்றுமே கிடையாது. 6, 7 பார் அழுத்தத்தில் காற்றைப் பக்கவாட்டில் விட்டால் அது குழாய்க்குள் பயங்கர வேகத்தில் சுழலும், ஓரத்தில் சுழல்கிற காற்று சூடாகி ஒரு முனையால் வெளியேறும், நடுவில் திரும்பி வருகிற காற்று குளிர்ந்து மற்ற முனையால் வரும். சூட்டு முனையில் இருக்கிற வால்வைத் திருகினால் எவ்வளவு காற்று, எவ்வளவு குளிர் என்று மாற்றலாம். குளிர் கூடினால் காற்றின் அளவு குறையும், இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. சுழியத்துக்குக் கீழே நன்றாகவே இறங்கும்.

விஷயம் எங்கே இடிக்கிறது என்றால் காற்றில். நிமிடத்துக்கு 700 லீற்றர் அளவு குடிக்கிற நடுத்தர டியூப் ஒன்று தருகிற குளிர்ச்சி ஏறத்தாழ 500 வாட். அதை ஊட்ட 6 குதிரைவலு கொம்பிரசர் வேண்டும், அதாவது 4 கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம். அந்தக் கரண்ட் பில்லை மனேஜருக்குக் காட்டிவிட்டு அப்புறம் கேளுங்கள் வாங்கலாமா என்று. டியூப்பின் விலையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது விற்பனைக்காரர்களின் பழக்கம்.

பேராதனை_பெஞ்ச்
கணக்காகப் பார்ப்போம், எனக்கு இது பிடித்த விஷயம். நியூட்டனின் குளிர்தல் விதி தான், ஓவனுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் குறையக் குறைய ஆறும் வேகமும் குறையும். அறை 18 பாகை என்று வையுங்கள். 300 இலிருந்து 100 வரை 200 பாகை இறங்க எடுக்கிற நேரமும், 100 இலிருந்து 40 வரை வெறும் 60 பாகை இறங்க எடுக்கிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்று, பின்னது தான் சற்று அதிகம். உங்கள் 7 நிமிடத்தில் கடைசி 20 பாகை மட்டும், 60 இலிருந்து 40, ஏறத்தாழ 1.8 நிமிடத்தைத் தின்கிறது.

இப்போது இரண்டு வழியை ஒப்பிடுங்கள். ஓவனுக்குள் போகிற காற்று முழுவதையும் எப்படியோ 5 பாகைக்குக் குளிர்த்திவிட்டீர்கள் என்றால் ஆறும் நேரம் 16 சதவீதம் குறையும். ஒன்றும் வாங்காமல் தொடக்க வெப்பநிலையை 40 இலிருந்து 50 ஆக்கினால் 15 சதவீதம் குறையும். 60 ஆக்கினால் 25 சதவீதம். ஓவன் விசிறி இழுக்கிற காற்று முழுவதையும் 5 பாகைக்குக் கொண்டுவர ஒரு டியூப்பால் முடியாது, ஆகவே அந்த 16 கூட கிடைக்காது.

மனேஜரின் குளிர் பற்றி. கொழும்பில் ஏசி இல்லாத 28 பாகை அறையோடு பார்த்தால் 18 பாகை அறையில் 40க்கு இறங்குவது நன்றாகவே வேகம், கொழும்பில் 22 சதவீதம் கூட நேரம் எடுக்கும். ஆனால் கொட்டகலை 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது, காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளுகிற காற்றின் நிறை குறைவு, அது எடுத்துப் போகிற சூடும் குறைவு. இதையும் சேர்த்தால் மலையின் குளிர் தந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும். கொழும்பில் 22 பாகையில் ஏசி போட்டு வைத்திருக்கிற லாப் உங்களை முந்திவிடும். ஓவன் சுவரில் இருக்கிற சூட்டை இந்தக் கணக்கு எடுக்கவில்லை, இது தோராயமான மதிப்பீடு தான், ஆனால் திசை இது தான்.

பெக்டரி_தம்பி
குளிர்கிறது ஆனால் ஆறாது என்கிறீர்கள். சரி, விளங்கிவிட்டது.

பனிமூட்டம்
பெஞ்ச் சொன்னது கொம்பிரசருக்கும் பொருந்தும். மேலே போகப் போக அது உறிஞ்சுகிற காற்று மெலிசு, நுவரெலியாவில் ஏறத்தாழ 5 இல் 1 பங்கு நட்டம். தட்டில் எழுதியிருக்கிற லீற்றர் கணக்கை நம்பி வாங்கினால் டாங்க் நிரம்புவதற்குள் ஓவன் தானாக ஆறியிருக்கும். அடுத்தது ஈரம். தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் இங்கே கொம்பிரசர் டாங்கை வடித்தால் தண்ணீர் போத்தல் கணக்கில் வரும், அந்தக் காற்றை உலர்த்தாமல் டியூப்புக்குள் விட்டால் குளிர் முனையிலேயே ஐஸ் கட்டி அடைத்துக்கொள்ளும். ஆக டிரையரும் வேண்டும். சத்தத்தைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

கொட்டகலைக்காரி
பெஞ்ச், கணக்குக்கு மிகவும் நன்றி. தொடக்கத்தை 60 ஆக்கலாம் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள், ஆனால் முறையில் 40 என்று தானே இருக்கிறது? முன்பு இருந்தவர்கள் விட்டுப் போன முறை, நான் அதைத் தொட்டதில்லை. முதலில் வருகிற டைகுளோர்வொஸ் (சீக்கிரம் ஆவியாகிற பூச்சிநாசினி) மாதிரியானவற்றின் உச்சங்கள் (வரைபடத்தில் எழும்புகிற கூம்புகள்) கெட்டுப் போகாதா?

பேராதனை_பெஞ்ச்
எந்தக் கரைப்பானில் ஊசி போடுகிறீர்கள்?

கொட்டகலைக்காரி
முன்பு டைகுளோரோமெதேன். நான் வந்த பிறகு கெச்சர்ஸ் முறைக்கு (உப்புப் போட்டுக் குலுக்கிச் சாறெடுப்பது) மாறிவிட்டோம், கடைசியில் ஆவியாக்கி எதைல் அசற்றேற்றில் எடுக்கிறோம்.

பேராதனை_பெஞ்ச்
அங்கே தான் விடை இருக்கிறது. ஸ்பிளிட்லெஸ் ஊசியில் (செலுத்துவதைப் பிரித்துக் கழிக்காமல் நிரலுக்கு விடுவது) கரைப்பான் நிரலின் தலையில் ஒடுங்கி நின்று மற்றதை எல்லாம் பிடித்து வைக்க வேண்டும், அதற்காக ஓவனைக் கரைப்பானின் கொதிநிலையைவிட 10 முதல் 20 பாகை கீழே தொடங்குவது வழக்கம். டைகுளோரோமெதேன் 40 பாகையிலேயே கொதிக்கும், அதனால் முன்பு இருந்தவர்கள் ஓவனை இறக்கக்கூடிய மட்டும் இறக்கி 40 இல் வைத்திருக்கிறார்கள். எதைல் அசற்றேற் 77 பாகை. 60 இல் தாராளமாகத் தொடங்கலாம். ஐசோஒக்டேனுக்கு மாறினால், அது 99 பாகை, 80 இல் கூட தொடங்கலாம், ஆனால் எல்லாச் சேர்மமும் அதில் நன்றாகக் கரையுமா என்று பார்க்க வேண்டும். டைகுளோர்வொஸ் உச்சத்தின் வடிவத்தை 60 இல் ஒருமுறை போட்டுப் பாருங்கள், பிளந்தால் 55. முறையை மாற்றினால் சரிபார்ப்பை எழுத்தில் வையுங்கள், அங்கீகாரக்காரர்கள் வந்து கேட்பார்கள்.

மாத்தளை_மிளகு
நடுவில் புகுந்து கேட்கிறேன். நாங்கள் வாசனைத் திரவிய எண்ணெய் பார்க்கிறோம். கறுவா இலை எண்ணெய் என்றால் பெரும்பகுதி இயூஜினோல், அது பின்னால் தான் வரும், தொடக்கம் 60 என்றாலும் 80 என்றாலும் கவலை இல்லை. ஆனால் மிளகு எண்ணெயில் பைனீன், சபினீன், லிமொனீன் எல்லாம் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு வரும், 60க்கு மேல் தொடங்கினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். இங்கே பகலில் அறை 29, 30 பாகை, ஓவன் 45க்கு மேலேயே முக்கிக்கொண்டு நிற்கிறது. எங்களுக்கு அந்த டியூப் சரிவருமா?

பனிமூட்டம்
உங்களுக்கு ஓரளவு சரிவரும், ஆனால் முதலில் அறைக்கு ஏசி போடுங்கள், அது எல்லாக் கருவிக்கும் உதவும். ஏசி காற்று நேரே ஜிசியின் மேல் விழாமல் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் வரைபடத்தின் அடிக்கோடு ஏறி இறங்கும். அப்புறம் ஜிசிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஓவன் ஆறும்போது பின்னால் உள்ள மடல் திறந்து சூட்டுக் காற்று அங்கே தான் கக்கும். நான் போகிற இடத்தில் பாதிக்குமேல் கருவியைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பார்கள், நடுவில் பழைய ரிப்போட் பெட்டிகள் வேறு. கக்கின காற்று சுவரில் மோதித் திரும்ப உள்ளே இழுபடும். ஒரு அடியாவது இடம் விட்டு, அந்தக் காற்றை அலுமினியக் குழாயால் வெளியே கொண்டுபோய்விட்டால் ஒரு நிமிடம் மிஞ்சினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஓவன் கதவைக் கையால் திறந்து ஆற வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். 300 பாகைக் காற்று முகத்தில் அடிக்கும் என்பது ஒன்று. நிரலைப் பிடித்திருக்கிற பெரூல் (இறுக்கு வளையம்) சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி ஏற்கெனவே தளர்கிற சாமான், திடீர் குளிர் அதைக் கூடத் தளர்த்தும், எம்எஸ் பக்கத்தில் காற்று கசியத் தொடங்கும். வோர்டெக்ஸ் காற்றை நேரே நிரலின் மேல் பாய்ச்சினாலும் இதே கதை தான். போட்டால் 28, 32 நிறைகளை அடிக்கடி பாருங்கள், நைதரசனும் ஒட்சிசனும் ஏறினால் கசிவு.

பதுளை_சுரங்கம்
நாங்கள் உலோகம் பார்க்கிற ஆட்கள், தேயிலையில் ஈயம், கட்மியம், கிராபைட் பர்னஸ் ஏஏஎஸ்ஸில் (கிராபைட் குழாயில் மாதிரியைச் சூடாக்கி, உறிஞ்சுகிற ஒளியை வைத்து உலோகத்தை அளக்கிற கருவி). ஆறுகிற நேரம் தான் எங்களுக்கு எல்லாமே. ஒவ்வொரு ஊசிக்கும் குழாயை 2,400 பாகை வரை ஏற்றிச் சுத்தம் செய்து, திரும்ப அறை வெப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். சில்லரில் (தண்ணீரைக் குளிர்த்திச் சுற்றவிடுகிற கருவி) தண்ணீர் ஒழுங்காக ஓடினால் அரை நிமிடத்துக்குள் ஆறிவிடும். தண்ணீர் சூடாகிவிட்டாலோ ஓட்டம் குறைந்தாலோ கருவி காத்துக்கொண்டே நிற்கும், கடைசியில் பிழை காட்டி நின்றுவிடும்.

ஒரு இடத்தில் சில்லர் பழுதானதும் பீலித் தண்ணீரை நேரே ஹோஸ் போட்டு ஓடவிட்டார்கள். மலைத் தண்ணீர், நல்ல குளிர், இலவசம். முதல் கிழமை எல்லோருக்கும் சந்தோஷம், முன்பைவிட வேகமாக ஆறுகிறது என்று. அப்புறம் மழை தொடங்கியதும் இரண்டு காரியம் நடந்தது. பர்னஸின் இரண்டு பக்கத்துக் கண்ணாடி ஜன்னலிலும் வியர்த்தது, ஒளி குறைந்து வாசிப்பு தாறுமாறாகப் போனது, ஏனென்றால் தண்ணீர் அறையின் பனிபடுநிலைக்குக் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்குகிற வெப்பநிலை) கீழே இருந்தது. மற்றது, பீலியில் வந்த வண்டலும் பாசியும் உள்ளே இருக்கிற மெல்லிய கால்வாய்களை அடைத்துவிட்டன. கழற்றிப் பார்த்தபோது பச்சை நிறத்தில் கஞ்சி மாதிரி வந்தது. ஆக, குளிர் கூடினால் நல்லது என்று யாரும் நினைக்க வேண்டாம், 20 பாகைக்குக் கிட்ட ஒரே சீராக இருக்கிற சுத்தமான தண்ணீர் தான் வேண்டும்.

பெக்டரி_தம்பி
எங்களிடம் ஜிசியும் இல்லை, பர்னஸ் ஏஏஎஸ்ஸும் இல்லை, ஒரு மபிள் பர்னஸும் (சாம்பலாக்குகிற மூடிய உலை) தராசும் தான். கறுப்புத் தேயிலைக்கான ஐஎஸ்ஓ 3720 தரத்தின்படி மொத்தச் சாம்பல் 4 முதல் 8 சதவீதத்துக்குள் வர வேண்டும், 525 பாகையில் சாம்பலாக்கி டெசிகேற்றரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) வைத்துவிட்டு நிற்பது தான் வேலை. கிண்ணம் ஆறுவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அதற்கு விசிறி பிடித்தால் என்ன?

பேராதனை_பெஞ்ச்
வேண்டாம் தம்பி. இங்கே அவசரப்பட்டால் விடையே பிழைத்துவிடும். சூட்டோடு கிண்ணத்தைத் தராசில் வைத்தால் மேலே எழும்புகிற சூட்டுக் காற்று தட்டை இலேசாகத் தூக்கும், நிறை குறைவாகக் காட்டும். விசிறி பிடித்தால் சாம்பல் பறக்கும், அது பறக்காவிட்டாலும் இந்த ஊர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வேகம் வேண்டும் என்றால் டெசிகேற்றர்களைக் கூட்டுங்கள், ஒன்றில் நிறையக் கிண்ணம் அடைக்காதீர்கள், தட்டுக்குப் பதிலாகத் தடித்த அலுமினியப் பலகை ஒன்றைப் போட்டால் அது சூட்டை இழுத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் உலர்த்துங்கள், மலையில் அது வாரக்கணக்கில் தாங்காது.

பெக்டரி_தம்பி
அலுமினியப் பலகை வேர்க்சொப்பிலேயே வெட்டலாம். நன்றி சேர்.

மாத்தளை_மிளகு
கொட்டகலை அக்கா, கெச்சர்ஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. நீரற்ற மக்னீசியம் சல்பேற் போட்டவுடன் குழாய் கையைச் சுடும், தெரியும் தானே? அந்தச் சூட்டில் சில சேர்மங்கள் போய்விடும். நீங்கள் ஐஸில் வைக்கிறீர்களா?

கொட்டகலைக்காரி
ஐஸ் தொட்டியில் வைத்துத் தான் குலுக்குகிறோம். சாறை இரவு உறைபெட்டியில் மைனஸ் 20 இல் வைத்து மெழுகு, கொழுப்பு படிந்ததும் வடிகட்டுகிறோம். குளிர்ச்சி என்றால் அந்த இடத்தில் செலவு செய்யலாம் என்று தான் எனக்கும் படுகிறது, நிரல் சுத்தமாக இருந்தால் மறுபடி ஓட்டுகிற மாதிரி குறையும்.

பனிமூட்டம்
உங்கள் 22 நிமிடத்தில் கடைசியில் 300 இல் எத்தனை நிமிடம் சும்மா நிற்கிறது?

கொட்டகலைக்காரி
5 நிமிடம். கடைசிப் பைரெத்ரொயிட் (ஒரு வகைப் பூச்சிநாசினி) வெளியே வந்த பிறகும் தேயிலையின் பாரமான குப்பை நிரலுக்குள் நிற்கும், அதை எரித்து வெளியேற்றத் தான்.

பனிமூட்டம்
அந்த 5 நிமிடம் தான் நான் பிடிக்கிற இடம். பேக்பிளஷ் போட்டால் கடைசி உச்சம் வந்தவுடன் வாயுவைத் திருப்பிவிட்டு பாரமானவற்றை வந்த வழியே பின்னால் தள்ளிவிடலாம், எரிக்கிற நேரத்தில் பெரும்பகுதி மிஞ்சும், எம்எஸ்ஸில் அயன் உண்டாகிற பகுதியும் அழுக்காகாது. விலை உண்டு, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் கொம்பிரசர், டிரையர், டியூப் மூன்றையும் கூட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

திரவ நைதரசன் வசதியும் ஓவனுக்குக் கிடைக்கும், மைனஸ் 80 வரை இறக்கும். கொழும்பிலிருந்து மலை ஏற்றிக் கொண்டுவந்து, பாதியை வழியிலும் லாப்பிலும் ஆவியாக விட்டு, எச்சம் பார்க்க அதைப் பாவிப்பது எனக்குச் சம்மதமில்லை. தொடக்கமே சுழியத்துக்குக் கீழே வேண்டிய வாயு மாதிரிகளுக்கு அது.

பதுளை_சுரங்கம்
ஒரு சந்தேகம், 2018 இல் ஜப்பான்காரர்கள் நம் தேயிலையில் எம்சிபிஏ என்ற களைநாசினி இருக்கிறது என்று பிடித்தார்களே, 0.01 பிபிஎம் எல்லை. 2015 இல் கிளைபோசேற்றைத் தடை செய்ததும் தோட்டங்களில் களைக்கு எம்சிபிஏ அடித்த கதை. அந்த மாதிரிகள் எல்லாம் இந்த வரிசையில் தான் நிற்கின்றனவா?

கொட்டகலைக்காரி
இல்லை, அந்த இரண்டும் எல்சி-எம்எஸ் (ஆவியாக்காமல் திரவத்தில் பிரிக்கிற கருவி) வேலை, நாங்கள் வெளியே அனுப்புகிறோம். எல்சியில் இப்படி ஓவன் ஆறும்வரை நிற்கிற தொல்லை கிடையாது. எங்கள் ஜிசியில் வருவது பைரெத்ரொயிட், பழைய ஒர்கனோகுளோரின் வகைகள்.

கொட்டகலைக்காரி
எல்லோருக்கும் நிலவரம் சொல்கிறேன். கருவியைச் சுவரிலிருந்து இழுத்தோம், பின்னால் இருந்தது ரிப்போட் பெட்டி இல்லை, யாரோ காயப்போட்ட லாப் கோட். தொடக்கத்தை 60 ஆக்கினோம், டைகுளோர்வொஸ் உச்சம் பிளக்கவில்லை, கொஞ்சம் அகலம் தான், அது எங்கள் வரம்புக்குள் வருகிறது. 40 இலிருந்து 60 வரை ஏறுகிற நேரம் போனதால் ஓட்டம் 21 நிமிடம் ஆனது. ஆறுவது 5 நிமிடத்துக்குக் கிட்ட, நிலைப்படும் 2 நிமிடத்தை நான் குறைக்கவில்லை, குறைத்தால் தக்கவைப்பு நேரம் (ஒவ்வொரு உச்சமும் வெளிவருகிற நேரம்) ஆடுகிறது. ஆக 28 நிமிடம், இரவுக்கு 30 ஊசி. சரிபார்ப்பு ஓட்டங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன. வோர்டெக்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு பேக்பிளஷுக்கு விலை கேட்டிருக்கிறேன். மனேஜருக்கு அந்த டியூப்பின் மேல் ஆசை இன்னும் போகவில்லை.

மாத்தளை_மிளகு
அப்படியென்றால் விற்பனைக்காரரின் மாதிரி டியூப்பை ஒரு கிழமைக்கு எங்களுக்கு வாங்கித் தர முடியுமா அக்கா? எங்களுக்கு 45 வேண்டியே இருக்கிறது. கொம்பிரசர் இருக்கிறது, 3 குதிரைவலு.

பனிமூட்டம்
3 போதாது, 7 பாரில் தொடர்ந்து நிற்காது. ஆனால் உங்களுக்குத் தேவை கடைசி 40 பாகைக்கு மட்டும் தான். டாங்க் பெரிதாக இருந்தால் ஓட்டம் நடக்கிற நேரத்தில் அது நிரம்பட்டும், ஓவன் 85க்கு வந்த பிறகு மட்டும் சொலினொய்ட் வால்வை (மின்சாரத்தில் இயங்குகிறது) திறந்து ஊதுங்கள், சின்ன டியூப் ஒன்றைப் போட்டு, காற்று மூலையில் விழுகிற மாதிரி. டாங்க் எத்தனை லீற்றர்?

மாத்தளை_மிளகு
200. டிரையர் இல்லை.

பனிமூட்டம்
டிரையரை முதலில் பாருங்கள். மற்றது அதற்குப் பிறகு.